வாலில் உட்கார்ந்த கார்ப்பரல்

திருவண்ணாமலை ரோட்டில் அந்த லாரி வந்து நின்ற காலைப்பொழுது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. றெக்கையைப் பிய்த்து உடம்போடு சேர்த்துக் கட்டிய கோழி மாதிரி ஒரு பிளேன் அதன்மேல் குந்தியிருந்தது. மூக்கு ரோட்டைப் பார்த்து, வால் செஞ்சிக் கோட்டை மதிலைப் பார்த்து. பச்சையும் பழுப்புமாக அடித்திருந்த பெயிண்ட் சொறி பிடித்தது போல உதிர்ந்து கிடந்தது. பாகிஸ்தான் சண்டை முடிந்த மறுவருஷம் அது. மல்லாட்டைக் கொல்லைக்கு, அதுதான் வேர்க்கடலைக் காட்டுக்கு, களை வெட்டப் போய்க்கொண்டிருந்த நாங்கள் களைக்கொத்தைத் தோளிலிருந்து இறக்கி ஊன்றிக்கொண்டு பார்த்தோம். மற்ற பெண்கள் மூக்கையும் விசிறியையும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நான் வாலைத்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் காலை வாங்கிக்கொண்டது அந்த மாதிரி ஒரு வால். வாங்கிக் கொடுத்த கை எங்கள் ஊரிலேயே, மச்சு வீட்டில், மோதிரம் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தது.

அந்தக் கைக்காரனை ஊரே கார்ப்பரல் என்று கூப்பிடும். ஊர்த்தெருவில் நிலபுலம் உள்ள வீட்டின் இளைய பிள்ளை. நாங்கள் காலனி ஆட்கள். அவன் வீட்டுக் கொல்லையில்தான் எங்களுக்கு வேலை. அவன் எதிரே வந்தால் ஆண்டை என்று சொல்லி ஒதுங்கி நிற்கவேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டைக்கு ஆள் எடுக்க சந்தைக்கு வண்டி வந்தபோது, அவனும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில் பேர் கொடுத்தார்கள். அவன் அப்பனோடு கோபித்துக்கொண்டு போனான். இவர் பசிக்குப் போனார். எனக்கும் அவருக்கும் அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கட்டைத் துப்பாக்கி தூக்கும் பட்டாளம் என்று நினைத்துத்தான் நான் அழுதேன். கொண்டுபோய் ஏர்போர்ஸில் போட்டார்கள், பிளேனைத் துடைக்க, தள்ள, கட்ட, அவிழ்க்க.

அந்தப் பிளேனுக்கு அரிக்கேன் என்று பேர். விளக்குப் பேரை எதற்குப் பிளேனுக்கு வைத்தான் என்று நான் கேட்டதற்கு, ரெண்டுமே காத்துல அணையாதுடி என்று சிரித்தார். அதன் கதையை அவர் சொல்லிச் சொல்லி, நானே கூட இருந்து பார்த்த மாதிரி எனக்குள் ஊறிப்போய்விட்டது. சீமையிலிருந்து கப்பலில் பெட்டி பெட்டியாக வந்ததாம். உடம்பு ஒரு பெட்டி, றெக்கை ஒரு பெட்டி. இவர்கள் கையால் சேர்த்துப் பூட்டி, வடக்கே கொண்டுபோய், அங்கிருந்து பர்மாப் பக்கத்துக் காட்டுக்கு அனுப்பினார்கள். ஜப்பான்காரன் எங்கே பதுங்கியிருக்கிறான் என்று பார்த்து வயிற்றிலிருக்கிற கேமராவில் படம் பிடித்து வருவதும், கீழே இறங்கிச் சுட்டுவிட்டு வருவதும் அதற்கு வேலை. மரத்தை உரசுகிற உயரத்தில் பறக்குமாம். திரும்பி வரும்போது அடி வயிற்றில் இலை ஒட்டியிருக்குமாம். அந்த இலையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் துடைப்பது என் வீட்டுக்காரர் வேலை. எந்த ஊர் இலையோ, யார் தலைக்கு மேலிருந்ததோ என்று ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்பார். பிற்பாடு அதைவிட வேகமான புதுப் பிளேன் வந்ததும் இதைச் சண்டையிலிருந்து விலக்கிப் புதுப் பையன்கள் கற்றுக்கொள்ளக் கொடுத்தார்களாம். அப்புறம் பறக்கவே விடாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் காட்ட மூடியைக் கழற்றி வைத்தார்களாம். கடைசியில் காயலான் கடை. மனுசனுக்கும் அதே சர்வீசுதான் என்று முடிப்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

அவர் பேசாத பாகத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். அந்தப் பிளேனுக்கு முன்பாரம் அதிகம். பின்னால் ஒரு சின்ன உருளை, முன்னால் ரெண்டு சக்கரம். மழைக்காலத்தில் சேற்றுத் தரையில் ஓட்டிப் போகும்போது சக்கரம் புதைந்தால் அப்படியே மூக்கு குத்திக் கவிழ்ந்துவிடும். அதற்காக ஒரு ஆள் வால்மேல் ஏறிக் குப்புறப் படுத்தோ, திரும்பி உட்கார்ந்தோ பாரம் கொடுக்க வேண்டும். நல்ல தரை வந்ததும் பிளேன் நிற்கும், வால் ஆள் குதித்து இறங்கி விலகி ஓடுவான். முன்னால் இன்னொருத்தன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். வால் ஆள் இறங்கினதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவன் தூக்கின கையை இறக்கவேண்டும். கை இறங்கினால் போகலாம் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் பைலட்டுக்குப் பின்னால் நடப்பது ஒன்றும் தெரியாது. அந்தக் கை ஒன்றுதான் அவனுக்குக் கண்.

அன்றைக்கு வால்மேல் என் வீட்டுக்காரர். முன்னால் கையைத் தூக்கி நின்றவன் இந்தக் கார்ப்பரல். இவர் இறங்குவதற்குக் காலை எடுத்து ஊன்றுகிற நேரம் பார்த்து அவன் கையை இறக்கிவிட்டான். பிளேன் ஓட ஆரம்பித்துவிட்டது. குதிக்கவும் முடியாமல், கத்தினால் கேட்கவும் கேட்காமல், இவர் வாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். வால் தரையை விட்டு எழும்பினபோது கை நழுவிக் கல் மேட்டில் விழுந்து தொடையெலும்பு ரெண்டு துண்டு. விசாரணையில் அவன் என்ன சொன்னான் தெரியுமா? இவர் இறங்கிவிட்டாராம், குடித்திருந்தாராம், வேடிக்கைக்குத் திரும்ப ஓடி ஏறிக்கொண்டாராம். அவன் இங்கிலீஷ் படித்தவன், சொல்லத் தெரிந்தது. இவர் கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு தமிழில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுக்குச் சட்டைக் கையில் பட்டை ஏற்றிக் கார்ப்பரல் ஆக்கினார்கள்.

ஏன் செய்தான் என்று கேட்பீர்கள். அங்கே சாப்பாட்டு வரிசையில் முன்னால் வந்தவன் முன்னால், பின்னால் வந்தவன் பின்னால். ஊர்த்தெரு, காலனி கிடையாது. இவர் அவனுக்கு எதிரே பெஞ்சியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதோடு, அந்தப் பைலட் தன் பிளேனுக்கு இவர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். "எங்க களத்துல கையேந்தனவன், இங்க என் எதிர்ல நிமிந்து குந்திக்கினு திங்கறான் பாரு" என்று அவன் ஒருநாள் இவர் காதுபடவே சொன்னான். அந்த ஒரு பேச்சை மட்டும் இவர் எனக்குச் சொன்னார். மீதியை நானே கூட்டிக்கொண்டேன்.

சண்டை முடிந்து அவன் ஊருக்கு வந்தான். வந்த கையோடு களத்துமேட்டில் உட்கார்ந்து அந்தக் கதையை நடித்துக் காட்டினான். குடித்துத் தள்ளாடுகிற மாதிரி நடப்பான், மாட்டு வாலைப் பிடித்துத் தொங்குவான், தொப்பென்று விழுவான். ஊர்த்தெரு ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுக் கள்ளும் குடித்தவரில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பேர் வாலு. பஜாரில் சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்தார், வாலு கடை. நான் கொல்லைக்குப் போனால் வாலு பொண்டாட்டி. பஞ்சர் ஒட்ட வருகிறவன்கூட, "இன்னா வாலு, இன்னிக்கி எம்மாந்தூரம் பறந்த?" என்றுதான் ஆரம்பிப்பான். அவர் சிரித்துக்கொண்டே பம்ப்பை எடுப்பார். எங்கள் தெருவில் ராத்திரிப் பள்ளி வைத்தபோது நானும் கொஞ்சம் எழுத்து கற்றேன். கடைப் பலகையில் கரியால் எவனோ எழுதியிருந்ததை ஒருநாள் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நானாகப் படித்த முதல் சொல் அதுதான். வாலு. அன்றைக்குப் பலகையைச் சாணி போட்டுத் தேய்த்தபோது முடிவு பண்ணினேன். எனக்கு நெல் வேண்டாம், நிலம் வேண்டாம். அவன் வாயாலேயே, ஊர் கேட்க, உண்மை வரவேண்டும். அதற்குள் நான் சாகக்கூடாது.

வருஷம் போகப் போக அவன் கதையும் வளர்ந்தது. பாகிஸ்தான் சண்டை வந்து ஊரெல்லாம் பட்டாளத்துக்காரனுக்கு மாலை போட்ட சமயம், அவன் பழைய சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஸ்கூலிலும் பஜாரிலும் மேடை ஏறினான். என் வீட்டுக்காரர் செய்த வேலையை எல்லாம் தான் செய்ததாகச் சொன்னான். இலை பிய்த்ததைக்கூட விடவில்லை. சேற்றில் வால்மேல் உட்கார்ந்து போவானாம், சிங்கத்தின் முதுகில் போகிற மாதிரி இருக்குமாம். காலை ஒடித்தவன், ஒடிந்த காலின் பெருமையையும் எடுத்துக்கொண்டான். மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் அந்த லாரி வந்தது. பிளேனை மேற்கே ஏதோ ஒரு காலேஜுக்குக் கொண்டுபோகிறார்களாம். வழியில் ஜவான் நிதிக்காக ஒரு நாள் செஞ்சியில் நிறுத்தி ஜனங்களுக்குக் காட்ட ஏற்பாடு. ஏற்பாடு செய்ததே கார்ப்பரல்தான். லாரியோடு ஒரு மலையாளத்து சார்ஜெண்ட் வந்திருந்தான், தமிழ் பேசுவான். றெக்கை இல்லாமலேயே அது தன் சக்கரத்தில் நிற்குமாம். லாரியிலிருந்து பலகை வைத்து ரோட்டோரம் இறக்கினார்கள். மதிலுக்குப் பக்கத்திலிருக்கிற மைதானத்துக்குச் சரிவில் இழுத்துப் போகவேண்டும். இழுக்க ஆள் வேண்டும் என்றதும் எங்கள் தெருவுக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். கயிறு தேர்வடம் பருமன் இருந்தது. எங்கள் ஆட்கள் தேர்வடத்தைத் தொட்டதில்லை, தொட விட்டதில்லை. இந்த இரும்புத் தேருக்கு அந்தச் சட்டம் இல்லையே. ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு பிடித்தார்கள்.

என் வீட்டுக்காரரும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வந்தார். நேராகப் போய் அதன் அடி வயிற்றைத் தடவினார். அவர் தடவின விதத்தைப் பார்த்த சார்ஜெண்ட், சர்வீஸில் இருந்தவரா என்று கேட்டான். இவர் தலையை ஆட்டினார். அப்படியானால் நீங்கள் முன்னால் நின்று கை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டான். வாலுக்குப் பாரம் வைக்க மணல் மூட்டை கொண்டுவரச் சொன்னான். அதைக் கேட்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். கார்ப்பரல், நிதி வாங்க வந்திருந்த தாசில்தாருக்குப் பக்கத்தில், சட்டையில் மெடல் குத்திக்கொண்டு நின்றிருந்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு, பணிவாகத்தான் கேட்டேன்.

"மூட்ட எதுக்குங்க சார்? எங்க ஆண்டை இந்த வாலு மேலயே குந்திக்கினு போனவரு. எத்தினி தரம் மேடையில சொல்லிருக்கிறாரு. அவரே குந்தினா எங்க புள்ளைங்க ஒரு தரம் கண்ணால பாக்கும்."

கூட்டம் அப்படியே பிடித்துக்கொண்டது. "ஏறு கார்ப்பரல், காதால கேட்டத கண்ணால பாப்போம்" என்று பஜார்க்காரர் ஒருத்தர் குரல் கொடுத்தார். தாசில்தார் சிரித்தார். சார்ஜெண்டும், நல்லதுதான், பழைய ஆள் என்றால் பயமில்லை என்றான். கார்ப்பரல் என்னைப் பார்த்த பார்வையில் கொள்ளி இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? வேட்டியை இறுக்கிக்கொண்டு ஏறினான். ஏறி உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்த பிறகுதான், முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது யார் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எத்தனை கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டாலும் எனக்கு அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். வடம் பிடித்தவர்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கின கையை இறக்கினால் இழுத்துவிடுவார்கள், அதனால் இறக்கவும் முடியாது.

"மூட்டையே வைக்கச் சொல்லு. அவன எறங்கச் சொல்லு" என்றார்.

"கையக் காட்டு மாமா."

"மாட்டன்."

அவர் கை மேலேயே இருந்தது. நான் என் கையைத் தூக்கினேன். எங்கள் ஆட்கள் என்னையும் பார்த்தார்கள். கையை இறக்கினேன்.

இழுத்தார்கள் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தொட விடாத வடத்தை எல்லாம் சேர்த்து அன்றைக்கு இழுத்தார்கள். சரிவில் அது கடகடவென்று உருண்டது. நடையாக ஆரம்பித்தது ஓட்டமானது. சார்ஜெண்ட் மெல்ல மெல்ல என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினான். நான் ஒதுங்கி நின்று, வால் என் பக்கம் வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே ஓடினேன். களை வெட்டுகிற உடம்பு, எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவன் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நிறுத்தச் சொல்லுடி."

"என் வூட்டுக்காரரு குடிச்சிட்டா ஏறனாரு?"

"இல்ல. நிறுத்தச் சொல்லு."

"வெளையாட்டுக்கா ஏறனாரு?"

"இல்லடி. எறங்கறதுக்குள்ள நான்தான் கைய எறக்கிட்டன்."

"தெரியாம எறக்கனியா, தெரிஞ்சி எறக்கனியா?"

அந்த நேரத்தில் சக்கரம் ஒரு வரப்பில் ஏறி இறங்கியது. மூக்கு தாழ்ந்து வால் மேலே எழும்பியது. அவன் கால் ரெண்டும் காற்றில் உதறின. தெரிஞ்சிதான் என்று அலறினான்.

"வடம் புடிக்கறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தரம் சொல்லுடா."

டா என்று அவனை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் சொன்னான். முழுசாகச் சொன்னான், தாசில்தார் கேட்க, பஜார் கேட்க, எங்கள் தெரு கேட்க. அதற்குப் பிறகும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினது என் வீட்டுக்காரர். மைதானத்து மட்டத்தில் வேகம் குறைந்ததும் குறுக்கு வழியில் நொண்டி வந்து ரெண்டு கையையும் விரித்து வடத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். வால் தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. அவனால் தானாக இறங்க முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் போய்த் தோளைக் கொடுத்து இறக்கினார். வேட்டி நனைந்திருந்தது. தன் துண்டை எடுத்து அவன் இடுப்பில் சுற்றினதும் இவர்தான். அந்தத் துண்டை நான் பிடுங்கிப் போட்டிருப்பேன், சார்ஜெண்ட் நடுவில் வந்து நின்றுவிட்டான். அப்புறம் அந்த சார்ஜெண்டும் இவரும் சக்கரத்து நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு விலை இல்லாமல் போகவில்லை. அந்த வருஷம் எங்கள் தெருப் பெண்கள் ஒருத்தரையும் கார்ப்பரல் வீட்டுக் கொல்லைக்குக் கூப்பிடவில்லை. மல்லாட்டை பறிக்க வல்லம் வரைக்கும் நடந்தோம். வழியெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தோம், அதனால் தூரம் தெரியவில்லை. எனக்குப் பைத்தியம் என்று அவன் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. அதற்கப்புறம் அவன் மேடை ஏறியதும் இல்லை, மெடல் குத்தியதும் இல்லை. என் வீட்டுக்காரரை வாலு என்று கூப்பிட்ட கடைசி ஆள் யார் என்று எனக்கு ஞாபகமில்லை. ஏர்போர்ஸ்காரர் கடை என்றுதான் பிற்பாடு சொன்னார்கள்.

ஆனால் அவர் என்னோடு பேசாமல் இருந்தார். சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், எழுந்து போய்விடுவார். பொறுக்க முடியாமல் நான்தான் கேட்டேன், உனக்காகத்தானே செய்தேன் என்று.

"வாலு மேல இருந்தவன் நானு. எறங்க முடியாம போற பயம் இன்னான்னு எனக்குத் தெரியும். அத ஒரு நாய்க்கும் குடுக்கக் கூடாது" என்றார்.

"எனக்குத் தெரியாது. அதனாலதான் என் கை எறங்குச்சி" என்றேன்.

அதற்கப்புறம் அவர் மெல்ல மெல்லப் பழையபடி பேச ஆரம்பித்தார். கார்ப்பரல் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கடைக்கு வந்தால் அடித்துக் கொடுப்பார். நான் இருந்தால் எழுந்து ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அவன் நின்றுகொண்டே காத்திருக்கட்டும்.

இப்போது ரெண்டு பேரும் இல்லை. கார்ப்பரல் வீட்டு நிலமெல்லாம் பங்கு பிரிந்து கைமாறிப் போனது. என் பிள்ளைகள் படித்து வேலையில் இருக்கிறார்கள். போன மாசம் ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் அவன் மருமகள் நின்றிருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. நல்ல பெண்தான், அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. எங்க மாமனார் கடைசி காலத்துல உங்களைப் பத்திப் பேசினாரும்மா, உங்க வீட்டுக்காரரு மன்னிச்சிட்டாருன்னு சொன்னாரு, நீங்களும் மன்னிச்சிட்டீங்களா என்று மெதுவாகக் கேட்டாள். வரிசையில் முன்னும் பின்னும் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"அவரு மன்னிச்சாரு. கால் அவுருது, மன்னிக்கலாம்" என்றேன். "அத்தினி வருசம் வாலு வாலுன்னு கேட்டுக்கினு இருந்த காது என்னுதும்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வயசானவங்க, நீங்க முன்னாடி போங்க என்று எனக்கு முன்னால் நின்ற பையன் ஒதுங்கி வழி விட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால், என் இடத்திலேயே நின்று அரிசி வாங்கிக்கொண்டு வந்தேன்.